கணவனுக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதியா?



திருமண வாழ்வின் இடர்களைக் குறித்துப் பங்குக் குருக்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்வோம். பொதுவில் பேசக் கூசும் பொருள்தான். ஆயினும் பேசாமல் மூடி வைத்ததனாலேயே எத்தனையோ இல்லங்களில் கண்ணீர் ஆறாய் ஓடுகிறது. ஆகையால் கூச்சத்தைச் சற்றே ஒதுக்கி வைப்போம்.

முதற் கேள்வி பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வருவது. "சுவாமி, என் மனைவிக்குக் கலியாணத்துக்கு முன்னரே ஒருவனோடு பழக்கம் இருந்ததாம். இப்போதுதான் தெரிய வந்தது. நான் ஏமாந்துவிட்டேன். இந்தத் திருமணம் செல்லுமா?" இரண்டாம் கேள்வி பெரும்பாலும் பெண்களிடமிருந்து வருவது. "சுவாமி, என் வீட்டுக்காரர் வேறோர் இடத்துக்குப் போய் வருகிறார். ஊருக்கெல்லாம் தெரியும். நான் பொறுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?"

இவ்விரு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆண் கேட்பது என்றோ முடிந்துபோன ஒன்றைப் பற்றி. பெண் கேட்பது இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி. ஆண் கேட்பது வாக்குக் கொடுப்பதற்கு முந்திய காலத்தைப் பற்றி. பெண் கேட்பது பீடத்தின் முன் கொடுத்த வாக்கு உடைபடுவதைப் பற்றி. எனினும் நம் ஊரார் யாருக்காக இரங்குகிறார்கள்? முதல் வீட்டில், "அவன் தலையெழுத்து, எப்படிப்பட்டவளைக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்கிறார்கள். இரண்டாம் வீட்டில், "ஆண்பிள்ளை அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரித்துப் போக வேண்டும்" என்கிறார்கள். ஒரே தராசுக்கு இரண்டு படிக்கற்கள்! இந்தக் கள்ளப் படிக்கல்லைத்தான் நாம் இன்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேதாகமம் காட்டும் அளவு

ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தை வாசித்திருக்கிறீர்களா? யூதாவின் மருமகள் தாமார் இருமுறை விதவையானவள். மூன்றாம் மகனை அவளுக்கு மணமுடிப்பதாகச் சொன்ன யூதா, சொன்னபடி செய்யவில்லை. அவள் முக்காடிட்டு வழியோரம் அமர்ந்தாள். யூதா அவளை விலைமகள் என்று எண்ணிச் சேர்ந்தான்; அடையாளமாகத் தன் முத்திரை மோதிரத்தையும் கயிற்றையும் கைக்கோலையும் அவளிடம் விட்டுப் போனான். மூன்று மாதம் கழித்து, மருமகள் கெட்ட நடத்தையால் கருவுற்றாள் என்று கேள்விப்பட்டதும் அதே யூதா என்ன சொன்னான்? அவளை வெளியே கொண்டுவந்து சுட்டெரிக்கச் சொன்னான். வழியோரம் விலைமகளைத் தேடிப் போனவன் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிட்டான். தாமாரோ அந்த மூன்று பொருள்களையும் அனுப்பிவைத்தாள். அவற்றைக் கண்டதும் யூதா, தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டான். பின்னாளில் மத்தேயு எழுதிய நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் இந்தத் தாமாரின் பெயர் இருக்கிறது. ராகாபின் பெயரும் இருக்கிறது. தாவீதின் பாவத்தை மறைக்காமல், "உரியாவின் மனைவி" என்றே பெத்சபேயும் குறிக்கப்படுகிறாள்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர்முன் இழுத்து வந்த செய்தியை அருளப்பர் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மோயீசன் சட்டப்படி இருவருமே தண்டனைக்குரியவர்கள். ஆனால் இழுத்து வரப்பட்டவள் ஒருத்திதான். ஆண் எங்கே? கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. ஆண்டவர் அவளது செயல் பாவமன்று எனச் சொல்லவில்லை; இனிப் பாவம் செய்யாதே என்றுதான் அனுப்பினார். ஆனால் கல்லெறிய வந்தவர்களைத் தங்கள் நெஞ்சைப் பார்க்கும்படி செய்தார். முதியவர் தொடங்கி ஒருவர் பின் ஒருவராய் அகன்றனர்.

இந்தப் பகுதி சில பழைய ஏடுகளில் காணப்படவில்லை. இதற்குப் புனித அகுஸ்தீனார் கூறும் காரணம் வியப்பானது. விசுவாசக் குறைவுள்ள சிலர், தங்கள் மனைவியர் இதை வாசித்துப் பாவத்துக்குத் துணிந்துவிடுவார்களோ என்று அஞ்சி, ஏட்டிலிருந்தே இதை நீக்கிவிட்டார்கள் என்கிறார் அவர். கணவர்களின் அச்சம் நற்செய்தியையே வெட்டத் துணிந்தது என்பது அவர் கருத்து! அதே நூலில் அவர், அந்தோனினுஸ் என்னும் உரோமைப் பேரரசன் ஆணையொன்றை எடுத்துக் காட்டுகிறார். தான் ஒழுக்கமாக வாழாமல் மனைவியிடம் மட்டும் கற்பை எதிர்பார்ப்பது அநீதி என்பது அந்த ஆணையின் சாரம். அரசன் கிறிஸ்தவன் அல்லன். அஞ்ஞானி அறிந்த நீதியைக் கிறிஸ்தவன் அறியாதிருந்தால் வெட்கமல்லவா என்று கேட்கிறார் அகுஸ்தீனார்.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. 387ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெறுவதற்குமுன் பல ஆண்டுகள் மணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்தவர் அவர். அடேயோதாத்துஸ் என்ற மகனும் பிறந்தான். வேறு திருமணம் பேசப்பட்டபோது அந்தப் பெண் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினாள். இனி வேறோர் ஆணை அறியேன் என்று நேர்ந்துகொண்டு போனாள். அகுஸ்தீனாரோ காத்திருக்கப் பொறாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இதை எழுதியவர் பகைவர் அல்லர், அவரே. யாருடைய கற்பு உயர்ந்தது என்பதை வாசகரே அறிந்துகொள்ளும்படி எழுதி வைத்தார்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரத்தில், மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள உரிமையைப் போலவே கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உரிமை உண்டென்கிறார். அக்காலத்தில் முன்பாதியைச் சொல்லப் பலர் இருந்தனர். பின்பாதியைச் சேர்த்துச் சொன்னதே புதுமை. புனித எரோணிமுசும் பபியோலா என்னும் உரோமைச் சீமாட்டியைக் குறித்து எழுதிய கடிதத்தில், அரசரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு. பெண்ணுக்கு ஆகாதது ஆணுக்கும் ஆகாது என்று அடித்துச் சொல்கிறார்.

நம் தமிழ் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. திருவள்ளுவர் "பிறனில் விழையாமை" என்று தனி அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறளும் ஆணை நோக்கியே பேசுகின்றன. பிறன் மனைவியை நோக்காமையே ஆண்மை என்பது அவர் கொள்கை. "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்பது வள்ளுவர் வாக்கு அன்று, தெருத்திண்ணை வாக்கு.

நாட்டுச் சட்டம் நடந்து வந்த வழி

நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் இரட்டை அளவையே கையாண்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் அவள் நிரூபிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, அதாவது 132 ஆண்டுகள், இந்த வேற்றுமை ஏட்டில் நின்றது.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவோ, பிறன் மனைவியோடு அவன் இசைவின்றிச் சேர்ந்த ஆணைத் தண்டித்தது. மனைவி ஏதோ கணவனின் உடைமை என்பது போல! தன் கணவன் தவறினால் வழக்கிட மனைவிக்கு அதில் இடமில்லை. 27-9-2018 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அப்பிரிவைச் செல்லாததாக்கினர். 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இல்லை. இதைக் கேட்டுச் சிலர், "விபசாரம் இனித் தவறில்லை" என்று பேசினர். அது பிழை. சிறைத்தண்டனை நீங்கியதே ஒழிய, விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். சிறைக்கு அனுப்பாத எல்லாம் நல்லது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை, மனச்சாட்சியும் சொல்வதில்லை.

சென்ற காலத்தைச் சொல்ல வேண்டுமா?

இனி முதற் கேள்விக்கு வருவோம். மணமாகு முன் நிகழ்ந்தவற்றை ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டுமா?

மெய்யாக மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்ட பாவத்தை இறைவன் மன்னித்துவிட்டார். அதைக் கேட்ட குரு எவரிடமும், எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. மன்னிக்கப்பட்ட பாவங்களை எல்லாம் வருங்காலத் துணைவரிடம் மீண்டும் வரிசையாக ஒப்புவிக்க வேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவற்றை மறைப்பது மற்றவரின் உரிமையைத் திருடுவதாகும்.

முன்னரே ஒரு திருமணம் நடந்திருந்தால், அது பதிவு அலுவலகத் திருமணமே ஆயினும், சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையோ, வயிற்றில் வளரும் குழந்தையோ இருந்தால் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேறு இயலாது என்று அறிந்திருந்தால் சொல்ல வேண்டும். தொற்றக்கூடிய நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய உறவு இன்னும் அறுபடாமல் இருந்தால், சொல்வதோடு நில்லாமல் திருமணத்தையே நிறுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் எண், இல்லற வாழ்வைத் தன் இயல்பாலேயே கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்து, சம்மதம் பெறுவதற்கென்றே வஞ்சித்தால், அந்தத் திருமணம் செல்லாது என்கிறது. இதைக் கொண்டு, பழைய நட்பு ஒன்றைச் சொல்லாமல் விட்டதெல்லாம் வஞ்சகம் என்று எவரும் துள்ள வேண்டாம். வஞ்சக நோக்கம் வேண்டும். பொருள் பெரிதாக வேண்டும். ஆராய்ந்து தீர்ப்பிடுவது மறைமாவட்டத் திருமண நீதிமன்றம். ஐயம் எழும்போது திருமணம் செல்லும் என்றே திருச்சபை கொள்கிறது.

மற்றவற்றைப் பற்றி விவேகமே வழிகாட்டி. திருமணத்துக்குப்பின் மூன்றாம் ஆள் வாயால் தெரியவரக் கூடியது எதுவோ, அதை முன்னரே தன் வாயால் சொல்லிவிடுவது நல்லது. சொல்லும் காலம், ஓலை வாசிப்பதற்கு முன். தாலி ஏறிய பின் அன்று. சொல்லும் முறை, சுருக்கம்; விவரங்களை விரித்துரைப்பது கேட்பவர் நெஞ்சில் படம் எழுதி வைப்பதாகும். கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. "எதுவானாலும் சொல், நான் மன்னிப்பேன்" என்று வாக்களித்துக் கேட்டுவிட்டு, சண்டை வரும்போதெல்லாம் அதையே கத்தியாய் எடுப்பவன் பெரும் வஞ்சகன்.

இன்னொன்றையும் தெளிவாய்ச் சொல்லிவிடுவோம். மணமான முதல் இரவில் தோன்றும் உடலடையாளத்தைக் கொண்டு பெண்ணின் கன்னிமையை அறியலாம் என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அத்தகைய சோதனைகள் எங்கும் ஒழிக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. இந்த மூடநம்பிக்கையால் குற்றமற்ற எத்தனை மருமக்கள் வாழ்நாள் முழுதும் பழி சுமந்தார்களோ, இறைவனே அறிவார். மாமியார்கள் இதை நன்றாய் மனத்தில் இருத்த வேண்டும்.

மனைவியின் பழைய கடிதத்தைக் கண்டு கொதிக்கும் கணவனுக்கு ஒரு சொல். நீ மணந்தது அந்தக் கடிதம் எழுதிய சிறுமியை அன்று. உன்னைத் தெரிந்துகொண்டு உன் கை பற்றிய பெண்ணை. அன்றுமுதல் அவள் உனக்கு உண்மையாய் இருந்தாளா என்பதே உனக்கு உரிய கேள்வி. உன் பழைய நாள்களை அவள் இந்த அளவு துருவியிருந்தால் நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? புனித சூசையப்பரை நினைத்துப் பார். தமக்கு விளங்காத ஒன்றைக் கண்டபோதும் அவர் ஊரைக் கூட்டவில்லை. மரியன்னையின் பெயர் கெடாதிருக்க வேண்டும் என்றே முதலில் எண்ணினார். அவரை நற்செய்தி நீதிமான் என்று அழைக்கிறது.

இன்று நடக்கும் துரோகம்

இரண்டாம் கேள்விக்கு விடை: இல்லை, மகளே, வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருக்கத் திருச்சபை உன்னைக் கேட்கவில்லை. மன்னிப்பு வேறு, அனுமதி வேறு. கணவனின் பாவத்துக்கு வாசல் திறந்துவிட்டு விளக்குப் பிடிப்பது பொறுமை ஆகாது. புனித மோனிக்கம்மாள் தம் கணவர் பத்திரீசியுசின் துரோகத்தைச் சகித்தார்கள் என்று சொல்லி வாயடைப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய மகனாகிய அகுஸ்தீனாரே தம் மறையுரையில், மனைவியிடம் கற்பைக் கேட்டுத் தாம் தவறும் கணவர்களைக் கடுமையாய்க் கண்டித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் உடல்நலம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அதன்பின் வந்த ஆண்டுகளில், தன் கணவனைத் தவிர வேறு எவரையும் அறியாத மனைவியர் பலர் அந்நோயைச் சுமந்தார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் சோதனை செய்கிறார்கள். 2004 முதல் கூட்டு மருந்தும் இலவசம். ஒழுங்காய் மருந்துண்பவர் நெடுநாள் வாழ முடியும், பிறக்கும் குழந்தையையும் காக்க முடியும். தவறிய கணவன் மற்றவற்றைச் சொல்லும் காலத்தை ஆன்ம குருவோடு ஆலோசிக்கலாம். இதில் மட்டும் தாமதம் கூடாது. சோதனை செய்து தெளியும்வரை மனைவியைத் தீண்டாதிருக்க வேண்டும். மறைத்துத் தீண்டுவது ஐந்தாம் கற்பனைக்கும் விரோதம்.

அடுத்து, திருச்சபைச் சட்டம். கணவன் மனைவி இருவருக்கும் இல்வாழ்வில் சமமான உரிமையும் கடமையும் உண்டென்பது 1135ஆம் எண். துரோகம் இழைக்கப்பட்டவர் மன்னிக்கும்படி 1152ஆம் எண் உருக்கமாய் வேண்டுகிறது. ஆனால் மன்னிக்க இயலாதபோது, சேர்ந்து வாழ்வதை விட்டுப் பிரிந்து வாழும் உரிமையையும் அதே எண் தருகிறது. அத்துரோகத்துக்குத் தானும் இசைந்திருந்தாலோ, காரணமாயிருந்தாலோ, தானும் அதே பாவம் செய்திருந்தாலோ அந்த உரிமை இல்லை. அறிந்த பின்னும் ஆறு மாதம் இல்லறம் நடத்தி, திருச்சபை அதிகாரியிடமோ அரசிடமோ முறையிடாமல் இருந்தால், மன்னித்துவிட்டதாகக் கருதப்படும். தானாகவே பிரிந்தவர் ஆறு மாதத்துக்குள் திருச்சபை அதிகாரியிடம் வழக்கைக் கொண்டு வர வேண்டும். உயிருக்கோ ஆன்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்தானால், 1153ஆம் எண்ணின்படி உடனேயும் பிரியலாம். இந்தப் பிரிவு திருமணக் கட்டை அவிழ்ப்பதன்று, மறுமணத்துக்கு வழியுமன்று. ஆனால் பிரிந்து வாழும் மனைவியைப் பாவியாகப் பார்த்து நற்கருணைப் பந்திக்கு வரத் தயங்கச் செய்வது நம் பங்குகளில் உள்ள அறியாமை. அவள் பாவம் செய்யவில்லை.

திரும்பி வர விரும்பும் கணவனுக்கும், தவறிய மனைவிக்கும் சொல்வது ஒன்றே. கண்ணீர் மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. உறவை முழுதாய் அறுக்க வேண்டும். சந்திப்பும் தொலைபேசிப் பேச்சும் அறவே நிற்க வேண்டும். வேலை காரணமானால், முடிந்தால் வேலையிடத்தையும் மாற்ற வேண்டும். அந்த உறவில் குழந்தை பிறந்திருந்தால் அதன் பிழைப்புக்கு வழி செய்வது தகப்பனின் கடமை. நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்கிறது. குழந்தை செய்த குற்றம் எதுவுமில்லை. நம்பிக்கை திரும்பும் காலத்தை நிர்ணயிக்கும் உரிமை தவறியவருக்கு இல்லை. "அதுதான் மன்னிப்புக் கேட்டேனே, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்று அதட்டுபவர் இன்னும் மனந்திரும்பவில்லை.

ஐயம் என்னும் கரையான்

துரோகமே இல்லாத இடத்திலும் ஐயம் வீட்டை அரிக்கும். தானியேல் ஆகமத்தில் சூசன்னாளின் வரலாறு இருக்கிறது. இரண்டு முதியவர்கள், அவள் இணங்காத ஆத்திரத்தில், பொய்ச்சாட்சி சொன்னார்கள். சபை முழுதும் நம்பிவிட்டது. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். குற்றமற்ற இரத்தம் அன்று தப்பியது. பெரிய மனிதர் சொல்லிவிட்டார், ஊரே பேசுகிறது என்பதெல்லாம் சாட்சியம் அல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

மனைவியின் கைப்பேசியை ஒளிந்து பார்ப்பதும், வேலைக்குப் போய்த் திரும்ப அரைமணி தாமதமானால் விசாரணை நடத்துவதும், பிள்ளையின் முகம் யாரைப் போல என்று கேட்பதும் அன்பின் அடையாளங்கள் அல்ல. ஐயத்தின் பேரால் அடிப்பதும் ஏசுவதும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும். 181 என்ற எண்ணில் பெண்கள் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மகளுக்குப் பாதுகாப்பையும் மகனுக்குச் சுதந்திரத்தையும் கற்பித்து வளர்க்கிறோம். பதினெட்டு வயதில் மகன் இரவு பிந்தி வந்தால் நகைக்கிறோம். மகள் வாசலில் நின்றால் நடுங்குகிறோம். முப்பது வயதில் அந்த மகன் மனைவிக்குத் துரோகம் செய்யும்போது, இவன் எங்கே இதைக் கற்றான் என்று வியக்கிறோம். நம் வீட்டில்தான் கற்றான். தன் கற்பும் தன் மனைவியாகப் போகிறவளுக்கு உரியது என்பதை ஒரு தகப்பன் தன் மகனிடம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்னையர் மகளுக்குச் சொல்லும் நூறு சொல்லில் பத்தையாவது மகனுக்கும் சொல்லட்டும்.

திருமண நாளில் குரு இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பதாக இருவரும் ஒரே வார்த்தைகளால் வாக்களிக்கிறார்கள். மணமகனுக்கென்று இலேசான வாக்கு ஒன்றும், மணமகளுக்கென்று கனமான வாக்கு ஒன்றும் திருவழிபாட்டு நூலில் கிடையாது. அடுத்த முறை உறவினர் திருமணத்துக்குப் போகும்போது அந்த வார்த்தைகளைக் காதுகொடுத்துக் கேளுங்கள். வீடு திரும்பியதும், நாம் அதே வார்த்தைகளைச் சொன்ன நாளைக் கணவனும் மனைவியுமாக அமர்ந்து நினைத்துப் பாருங்கள்.